மியான்மரின் 135 இனங்கள்: பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

மியான்மரைப் பற்றித் தமிழில் வரும் செய்திக் கட்டுரைகளில் பெரும்பாலும் "அந்நாட்டில் 135 இனங்கள் வாழ்கின்றன" என்ற வரி இடம்பெறும். ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் அலைந்து, மக்களைக் கேட்டு, கணக்கிட்டுக் கண்ட எண் அது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. உண்மையில் அது ஓர் அரசு வகுத்த பட்டியலின் நீளம். அந்தப் பட்டியலில் உள்ள பல பெயர்களைத் தாங்குவதாகச் சொல்லப்படும் மக்களே அதை ஏற்பதில்லை. அதில் இல்லாத பெயர்களைத் தாங்கிய லட்சக்கணக்கானோர் அந்நாட்டில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதற்குப் பின் கொகாங், தா-ஆங், ராக்கைன், சின் என்று புதிய பெயர்கள் செய்திகளில் அடிக்கடி வருவதால், இவற்றுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பை முதலிலிருந்து விளக்குவது பயனுள்ளதாக இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாட்டின் பெரும்பான்மை மக்கள் 'பமார்' எனப்படுவர். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுடைய தாய்மொழியே பர்மிய மொழி. அதுவே ஆட்சிமொழியும் ஆகும். தமிழில் 'பர்மியர்' என்ற ஒரே சொல்லால் பமார் மக்களையும் நாட்டின் குடிமக்கள் அனைவரையும் குறித்துவிடுகிறோம். குழப்பத்தில் பாதி அங்கிருந்தே பிறக்கிறது. இக்கட்டுரையில் 'பமார்' என்றால் அந்த மக்கள் மட்டுமே.

எட்டு அறைகள், 135 பெயர்கள்

நம் வீட்டுச் சமையலறையில் உள்ள அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அறைகள் ஐந்துதான், போட வேண்டிய சாமான்களோ எட்டு, ஒன்பது. கடுகோடு உளுந்தைச் சேர்த்துப் போடுவார்கள், வெந்தயத்தோடு மிளகைப் போடுவார்கள். தாளிக்கும்போது சேர்ந்து போவதால் சில சாமான்கள் ஒரே அறைக்குள் வரும். வேறிடம் இல்லாததாலும் சில வரும். பெட்டியைத் திறந்து பார்க்கும் புதியவர், ஒரே அறையில் இருப்பதால் மிளகும் வெந்தயமும் ஒரே செடியில் காய்ப்பவை என்று முடிவு செய்தால் எப்படியிருக்கும்?

மியான்மர் அரசின் பட்டியலில் இப்படி எட்டு அறைகள் இருக்கின்றன. அவை 'பெரும் தேசிய இனங்கள்' எனப்படுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் உட்பிரிவுகள் வருகின்றன: கச்சின் 12, கயா 9, கயின் 11, சின் 53, பமார் 9, மொன் 1, ராக்கைன் 7, ஷான் 33. கூட்டினால் 135 வரும். கயின் என்பது நாம் 'கரேன்' என்று கேள்விப்பட்டிருக்கும் மக்களின் பர்மியப் பெயர். நாட்டின் ஏழு மாநிலங்களும் பமார் தவிர்த்த இந்த ஏழு பெயர்களையே தாங்கியுள்ளன. பமார் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நிலப்பகுதிகள் 'பிரதேசங்கள்' எனப்படுகின்றன.

எண்களைப் பார்த்ததுமே ஒரு சந்தேகம் எழ வேண்டும். மொன் மக்களுக்கு ஒன்று, சின் மக்களுக்கு ஐம்பத்து மூன்று என்று எந்த அளவுகோல் சொன்னது? அறைகளுக்குள் எட்டிப் பார்த்தால் சந்தேகம் வலுப்படும். பமார் அறைக்குள் 'சலோன்' என்ற பெயர் இருக்கிறது. தெற்கே மெய்க் தீவுக்கூட்டத்தில் படகுகளையே வீடாகக் கொண்டு, மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்த மோக்கென் மக்களின் பர்மியப் பெயர் அது. அவர்களுடைய மொழி மலாய் மொழியின் தூரத்து உறவு. பர்மிய மொழிக்கும் அதற்கும் பிறப்பால் தொடர்பே இல்லை. சின் அறைக்குள் நாகர்கள் இருக்கிறார்கள். ஷான் அறைக்குள் 'வா', பலாவ்ங், லாஹு, அகா, பா-ஓ, கொகாங் என்று ஒன்றோடொன்று ஒட்டாத மக்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் ஷான் மக்களுக்கும் பொதுவாக உள்ளது, அவர்கள் ஷான் மாநில எல்லைக்குள் வசிப்பது மட்டுமே.

எட்டு அறைகளில் சில மொழியால் அமைந்தவை, சில நிலப்பரப்பால் அமைந்தவை, சில வெறும் வசதிக்காக அமைந்தவை. மூன்று வெவ்வேறு அளவுகோல்களால் அளந்ததை ஒரே எண்ணாகக் கூட்டியதன் விளைவே 135. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவுகோலாகப் பார்ப்போம்.

மொழிக்குடும்பம் என்ற அளவுகோல்

ஒரே மூலமொழியிலிருந்து காலப்போக்கில் பிரிந்து வந்த மொழிகளின் தொகுதியை மொழிக்குடும்பம் என்கிறோம். தமிழும் தெலுங்கும் ஒரு குடும்பம் என்பது போல, மியான்மரில் பேசப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் ஐந்தாறு குடும்பங்களில் அடங்கும். பர்மியம், கரேன் மொழிகள், சின் மொழிகள், கச்சின் மக்களின் ஜிங்போ ஆகியவை சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஷான் மொழி, தாய்லாந்தின் தாய் மொழியும் லாவோ மொழியும் உள்ள தாய்-கடாய் குடும்பத்தில் வரும். மொன், வா, பலாவ்ங் ஆகிய மொழிகள், கம்போடியாவின் கெமரும் வியட்நாமிய மொழியும் உள்ள ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தினவாகும். மோக்கென் மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தையும், ராக்கைன் மாநிலத்தின் வடக்கே ரோஹிங்கியாக்கள் பேசும் மொழி வங்காளம் உள்ள இந்தோ-ஆரியக் கிளையையும் சேர்ந்தவை.

இவற்றுக்கு இடையிலான தூரத்தை 'நான் சோறு உண்கிறேன்' என்ற சிறிய வாக்கியத்திலேயே காணலாம். பர்மிய மொழியில் இதை "ஙா தமின் சாதெ" என்பார்கள்: ஙா என்றால் நான், தமின் என்றால் சோறு, சாதெ என்றால் உண்கிறேன். சொற்களின் வரிசை தமிழில் உள்ளது போலவே இருக்கிறது. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை காட்டும் உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் பர்மிய மொழியை எளிதாகப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஷான் மொழியில் வினை முன்னே வந்துவிடும்: "கின் காவ்", அதாவது 'உண் சோறு'. தாய்லாந்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். மாண்டலேயில் உள்ள பமார் ஒருவருக்குப் புரியாது.

கரேன் மொழிகளில் ஒரு விந்தை உண்டு. அவை பிறப்பால் பர்மியத்தின் உறவு. ஆனால் அவற்றில் வினை நடுவிலும் செயப்படுபொருள் அதன் பின்னும் வருகின்றன. மொன், தாய் போன்ற அண்டைமொழிகளோடு பல நூற்றாண்டுகள் பழகியதால் சொல்வரிசையே மாறிவிட்டது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. மொழி என்பது பிறப்போடு முடிந்துவிடும் சொத்தாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

இப்போது மீண்டும் பட்டியலைப் பாருங்கள். பா-ஓ மக்களின் மொழி கரேன் கிளையைச் சேர்ந்தது. அவர்கள் இருப்பதோ ஷான் அறையில். கொகாங் மக்கள் பேசுவது சீன மொழி. அவர்களும் ஷான் அறையில்தான் இருக்கிறார்கள். வா மக்களின் ஆஸ்திரோ-ஆசிய மொழியும் அதே அறையில் இருக்கிறது. ஆகவே ஒரே அறைக்குள் மூன்று மொழிக்குடும்பங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன.

சுருக்கமாக: பட்டியலின் எட்டுப் பெரும் பிரிவுகள் எட்டு மொழிகளையோ எட்டு மொழிக்குடும்பங்களையோ குறிப்பவை அல்ல. ஒருவர் 'ஷான்' என்ற பிரிவில் எண்ணப்படுவதை வைத்து அவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று சொல்லிவிட முடியாது.

கச்சின்: மொழி பல, உறவுமுறை ஒன்று

மொழி வேறானால் இனமும் வேறு என்ற எண்ணத்துக்கு வடக்கு எல்லையில் வாழும் கச்சின் மக்கள் ஒரு நல்ல மறுப்பு. 'கச்சின்' என்பது ஒரு குடைப்பெயர், அதாவது தனித்தனிப் பெயர்களுள்ள பல குழுக்களை ஒன்றாகச் சுட்டும் பெயர். ஜிங்போ, லாவோவோ, லாச்சிக், ஜைவா, ரவாங், லிசு ஆகிய ஆறு குழுக்களை அது பொதுவாகக் குறிக்கிறது. இவர்களுடைய மொழிகள் ஒன்றுக்கொன்று எளிதில் புரியாதவை. ஜைவா பர்மியத்துக்கு நெருக்கமானது, ஜிங்போ அப்படியில்லை. லிசுக்களில் ஒரு பகுதியினர் தங்களைக் கச்சின் என்றே கருதுவதில்லை.

அப்படியானால் இவர்களை இணைப்பது எது? குலமும் திருமண உறவும். கச்சின் சமூகத்தில் மரிப், லாத்தோ, லாப்பாய், ந்கும், மரான் என்ற ஐந்து பெருங்குலங்கள் முதன்மையானவை. ஒரு மொழிக் குழுவின் குலப்பெயருக்கு இணையான குலம் எது என்பது இன்னொரு மொழிக் குழுவிலும் தெரிந்திருக்கும். எனவே அறிமுகமில்லாத இருவர் சந்தித்தால் முதலில் குலத்தைக் கேட்டு, அதிலிருந்து ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெண் கொடுக்கும் குலத்துக்கு 'மாயு' என்றும், பெண் எடுக்கும் குலத்துக்கு 'தாமா' என்றும் பெயர். ஒரு குலம் தனக்குப் பெண் கொடுத்த குலத்துக்கே திரும்பப் பெண் கொடுக்கக் கூடாது. மூன்றாவது குலத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். இதனால் குலங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. அந்தச் சங்கிலி மொழி எல்லைகளைக் கடந்து போகிறது. தாய் மாமன் மகளை மணக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இந்த ஏற்பாட்டின் தர்க்கம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. அங்கும் ஆண்மகனுக்கு உரிய மணப்பெண் மாமன் குலத்திலிருந்தே வருகிறாள்.

ஆகக் கச்சின் என்ற அடையாளத்தில் மொழி இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. பல மொழிக்காரர்கள் கூடும் இடத்தில் ஜிங்போ பொதுமொழியாகப் பயன்படுகிறது. அமெரிக்க மறைப்பணியாளர் ஓலா ஹான்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு ரோமன் எழுத்துமுறையை வகுத்துக் கொடுத்ததும் அதன் செல்வாக்குக்கு உதவியது. அரசின் பட்டியல் இதே மக்களைப் பன்னிரண்டாகப் பிரிக்கிறது. கச்சின் தலைவர்கள் நெடுங்காலமாக இதை எதிர்த்து வருவதன் காரணம் இப்போது புரியும்: அவர்கள் பார்வையில் ஒரே உறவுச் சங்கிலியாக இருப்பதை அரசு துண்டுகளாக எண்ணுகிறது.

கரேன், சின்: மதமும் எல்லைக்கோடும்

கரேன் மக்களைக் கிறிஸ்தவர்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 1947இல் தொடங்கப்பட்ட கரேன் தேசிய ஒன்றியத்தின் தலைமையில் கிறிஸ்தவர்கள் மிகுந்திருந்தது இதற்குக் காரணம். ஆனால் கரேன் மக்களில் பெரும்பாலோர் பௌத்தர்கள். 1994இல் அந்த இயக்கத்திலிருந்து பௌத்தப் படைவீரர்கள் பிரிந்து தனிப் படை அமைத்ததும் இந்த வேறுபாட்டால்தான். அவர்களுடைய இரு பெரும் மொழிகளான ஸ்கோவும் ப்வோவும் ஒன்றுக்கொன்று புரியாதவை. ப்வோவிலேயே கிழக்குப் பேச்சும் மேற்குப் பேச்சும் விலகி நிற்கின்றன. கரேன் மாநிலம் தாய்லாந்து எல்லையில் இருந்தாலும், கரேன் மக்கள் பெருந்தொகையினர் ஐராவதிக் கழிமுகத்தின் நெல்வயல்களில் பமார் மக்களோடு கலந்து வாழ்கிறார்கள். ஆகவே மாநில வரைபடத்தைப் பார்த்து இன வரைபடத்தை ஊகிப்பது தவறாகவே முடியும்.

சின் மக்களின் கதை எல்லைக்கோட்டின் கதை. ஹாக்கா, ஃபலாம், டெடிம் முதலான பல பேச்சுகளைக் கொண்ட இம்மக்களின் உறவினர்களே எல்லைக்கு மேற்கே மிசோரமில் மிசோக்களாக வாழ்கிறார்கள். 2021க்குப் பின் ஆயிரக்கணக்கான சின் அகதிகள் மிசோரமுக்குள் வந்தபோது அம்மாநில மக்கள் அவர்களைச் சொந்தக்காரர்களாகவே ஏற்றார்கள். தில்லிக்கு அவர்கள் வெளிநாட்டினர், மிசோரமின் தலைநகரான அய்சாலுக்கு அப்படியில்லை.

மாறக்கூடிய அடையாளம்

இதுவரை, ஒருவர் எந்த இனம் என்பது நிலையானது என்ற ஊகத்துடனேயே பேசினோம். அந்த ஊகமும் முழுக்கச் சரியில்லை. மியான்மரின் பள்ளத்தாக்குகளில் நீர்பாய்ச்சி நெல் விளைவிக்கும் மக்களும், மலைச்சரிவுகளில் காட்டை எரித்து இடம் மாற்றிப் பயிர் செய்யும் மக்களும் பல நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்திருக்கிறார்கள். மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கிய குடும்பம் நெல்வயலோடு பௌத்தத்தையும், ஷான் மொழியையும், ஷான் உடையையும் ஏற்று, ஓரிரு தலைமுறைகளில் ஷான் ஆகிவிடுவதுண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கச்சின் மலைகளில் வாழ்ந்து ஆய்வு செய்த பிரிட்டிஷ் மானுடவியலாளர் எட்மண்ட் லீச் இதை விரிவாக விளக்கிக் காட்டினார். ஒரே குடும்பத்தில் ஒரு கிளை கச்சினாகவும் மறு கிளை ஷானாகவும் இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

சமவெளியிலும் இதுவே நடந்தது. ஒரு காலத்தில் கீழ் மியான்மரின் ஆட்சியாளர்களாக இருந்தவர்கள் மொன் மக்கள். பமார் அரசர் அலாங்பயா 1757இல் அவர்களுடைய தலைநகரான பெகுவைக் கைப்பற்றியதன் பின், மொன் வம்சாவளியினர் பெருமளவில் பர்மிய மொழிக்கு மாறிப் பமார்களாகவே ஆனார்கள். ஆனால் பண்பாட்டுக் கொடை எதிர்த்திசையில் சென்றது. பர்மிய எழுத்தின் வட்ட வடிவங்களும், தேரவாத பௌத்தத்தின் பல வழக்கங்களும் மொன் மக்களோடு இணைத்தே பேசப்படுகின்றன. பமார் அரசர்களின் பழைய தலைநகரான பாகான் அருகே மியின்கபா சிற்றூரில், 1113ஆம் ஆண்டளவில் இளவரசர் ராஜகுமார், நோயுற்ற தந்தை கியான்சித்தாவுக்காகப் பொறித்த கல்தூண் ஒன்று உண்டு. அதன் நான்கு முகங்களிலும் ஒரே செய்தி பாலி, பியூ, மொன், பர்மியம் ஆகிய நான்கு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. இவற்றுள் பியூ மொழியைப் பேசியவர்கள் இன்று யாரும் இல்லை. அவர்கள் ஒரே நாளில் அழிந்துபோகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பமார் மக்களுக்குள் கரைந்துபோனார்கள்.

சுருக்கமாக: மியான்மரில் ஒரு மக்கள் குழுவை அடையாளம் காட்டுவது ஓரிடத்தில் மொழியாகவும், மற்றோரிடத்தில் குல உறவாகவும், இன்னோரிடத்தில் வாழும் நிலமாகவும் இருக்கிறது. அந்த அடையாளமும் தலைமுறைகளில் மாறக்கூடியது.

கணக்கெடுப்பு என்ன செய்தது?

பிரிட்டிஷார் 1824 முதல் 1885 வரை மூன்று போர்களில் இந்நாட்டைப் படிப்படியாகப் பிடித்து, 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆண்டார்கள். இந்தியாவில் சாதியை வைத்து மக்களை எண்ணிய அதிகாரிகளுக்கு அங்கே சாதி கிடைக்கவில்லை. எனவே பேசும் மொழியையே இனத்தின் அடையாளமாகக் கொண்டார்கள். சற்றே வேறுபட்ட பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அட்டவணையில் புதிய வரி சேர்ந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே ஓர் அதிகாரி, இங்குள்ள சில மக்கள் உடையை மாற்றுவது போல மொழியை மாற்றுகிறார்கள் என்று எச்சரித்திருந்தார். எச்சரிக்கை ஒரு பக்கம் இருக்க, அட்டவணை வளர்ந்துகொண்டே போனது.

நிர்வாகமும் மக்களைப் பிரித்தே ஆண்டது. பமார் மக்கள் வாழ்ந்த சமவெளி நேரடி ஆட்சியின் கீழும், மலைப்பகுதிகள் தத்தம் தலைவர்கள் வழியாக நடந்த தனி ஆட்சியின் கீழும் இருந்தன. விடுதலை நெருங்கியபோது, 1947 பிப்ரவரி 12 அன்று பாங்லாங் என்ற ஷான் ஊரில் விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சான், ஷான், கச்சின், சின் தலைவர்களோடு உடன்படிக்கை செய்து, உள்விவகாரங்களில் முழுத் தன்னாட்சி என்ற கொள்கையை ஏற்றார். கரேன் பிரதிநிதிகள் பார்வையாளர்களாக மட்டுமே வந்திருந்தார்கள். ஐந்து மாதத்தில் ஆங் சான் கொலை செய்யப்பட்டார். 1948 ஜனவரி 4 அன்று விடுதலை வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கரேன் கிளர்ச்சி வெடித்தது. பிரிட்டிஷார் விட்டுப்போன அட்டவணை மரபோ, பெயர்களில் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அரசின் அலுவலகங்களில் தொடர்ந்தது. 1990களில் ராணுவ அரசு 135 என்ற எண்ணை நிலைநிறுத்தியது.

1823: ஓர் ஆண்டு எல்லையாக மாறிய விதம்

பட்டியல் வெறும் புள்ளிவிவரமாக நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதற்குப் பல்லைக் கொடுத்தது. பர்மிய மொழியில் 'தைங்யின்தா' என்றொரு சொல் உண்டு. மண்ணுக்குரிய இனத்தவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். மேற்சொன்ன எட்டு இனங்களையும், 1823ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே நாட்டின் நிலப்பரப்பில் நிலையாகக் குடியிருந்த இனக்குழுக்களையும் அச்சட்டம் பிறப்பாலேயே குடிமக்களாகக் கொள்கிறது. 1823 என்பது முதல் ஆங்கிலப் போருக்கு முந்திய ஆண்டு. அதற்குப் பின் வந்தவர்கள் காலனி ஆட்சியோடு வந்தவர்கள் என்பது சட்டத்தின் பின்னுள்ள வாதம். எந்தக் குழு மண்ணுக்குரியது, எது அல்ல என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் சட்டம் அரசுக்கே கொடுத்துவிட்டது. மற்றவர்களுக்கு இணைக் குடிமகன், குடியுரிமை பெற்றவர் என்று கீழ்ப்படிகள் இரண்டு உள்ளன. அடையாள அட்டையின் நிறமே படியைச் சொல்லிவிடும்: முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, அடுத்த படிக்கு நீலம், கடைசிப் படிக்குப் பச்சை.

இந்தச் சட்டத்தின் மிகக் கொடிய விளைவை ரோஹிங்கியாக்கள் அனுபவித்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள் என்பதால் விலக்கப்பட்டார்கள் என்றும், வங்காளத்தை ஒத்த மொழி பேசுவதால் விலக்கப்பட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பட்டியலின் ராக்கைன் அறையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அதில் உள்ள கமான் மக்கள் முஸ்லிம்கள். 1660இல் அரக்கானுக்கு (ராக்கைனின் பழைய பெயர்) தப்பி வந்த முகலாய இளவரசர் ஷா ஷுஜாவின் வில்வீரர்களின் வழிவந்தவர்கள் எனப்படுபவர்கள். அதே அறையில் உள்ள தைங்நெட் மக்கள் பேசுவது வங்காளத்துக்கு உறவான சக்மா மொழியின் ஒரு வகை; ஆனால் அவர்கள் பௌத்தர்கள். மதம் மட்டும் வேறாக இருந்தவருக்கும் மொழி மட்டும் வேறாக இருந்தவருக்கும் இடம் கிடைத்தது. இரண்டும் வேறாக இருந்து, எண்ணிக்கையிலும் மிகுந்திருந்தவருக்குக் கதவு அடைக்கப்பட்டது. அரக்கானில் நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தங்களை 'ரூயிங்கா' என்று அழைத்துக்கொள்வதாக ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1799இலேயே, அதாவது எல்லை ஆண்டுக்கு 24 ஆண்டுகள் முன்பே, எழுதிவைத்தது அரசின் மனத்தை மாற்றவில்லை. 2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள்.

பட்டியலில் இல்லாத தமிழர்

தமிழர்களும் அந்த 135இல் இல்லை. சோழமண்டலக் கரைக்கும் அந்நாட்டுக்கும் இருந்த கடல் வணிகம் மிகப் பழையது. பாகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, மலைமண்டலத்து மகோதையர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், 'புக்கம் என்ற அரிவத்தனபுரத்தில்' இருந்த நானாதேசி விண்ணகர் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததைத் தமிழில் சொல்கிறது. ஆனால் வணிகர் வந்து போனது வேறு, ஓர் இனக்குழு நிலையாகக் குடியமர்ந்தது வேறு என்று சட்டம் பதில் சொல்லும்.

இன்றைய பர்மியத் தமிழர்களின் முன்னோர் பெரும்பாலும் 1852க்குப் பின், கீழ் பர்மாவின் கழிமுகம் உலகின் நெற்களஞ்சியமாக மாறிய காலத்தில், வயல்வேலைக்கும் துறைமுகக் கூலிக்கும் வட்டித் தொழிலுக்கும் சென்றவர்கள். 1931இல் 1.46 கோடி மக்களில் இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தார்கள். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியரே. நெல் விலை சரிந்த அந்தப் பத்தாண்டில் கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறி, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்களிடம் சேர்ந்தது. 1823 என்ற எல்லைக்கோட்டின் பின்னுள்ள கோபத்தை இதைப் பேசாமல் விளக்க முடியாது. தமிழில் இதைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் இழப்பை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறோம்.

1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது லட்சக்கணக்கான இந்தியர் காடுமலை வழியாக நடந்தே வெளியேறினார்கள். வழியில் மாண்டவர் ஏராளம். 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியதும் மீண்டும் பெருங்கூட்டம் கிளம்பியது. சென்னையின் பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலுள்ள பர்மா காலனிகளும், பாரிமுனைத் தெருக்களில் விற்கும் அத்தோவும் அவர்களோடு வந்தவை. மணிப்பூர் எல்லையில் உள்ள மோரே நகரில் தமிழர் குடியிருப்பு உருவானதும் அந்தப் பெயர்வின் தொடர்ச்சியே. அங்கேயே தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் யாங்கோனிலும் (பழைய ரங்கூன்) பெகுப் பகுதியிலும் மொன் மாநிலத்திலும் வாழ்கிறார்கள். சட்டம் மூன்றாம் தலைமுறைக்கு முழுக் குடியுரிமை தர இடம் தருகிறது. எனவே இளஞ்சிவப்பு அட்டை வைத்திருக்கும் தமிழர் உண்டு. இருந்தாலும், அட்டையில் இனம் என்ற இடத்தில் எழுதப்படும் சொல் பட்டியலில் இல்லாத சொல்லாக இருக்கும்போது, ஒவ்வோர் அலுவலக மேசையிலும் கூடுதலாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு பெரிய சண்டையாகிறது?

2008ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் பட்டியலை அதிகாரத்தோடு நேரடியாக இணைத்தது. ஒரு மாநிலத்திலோ பிரதேசத்திலோ வாழும் சிறுபான்மை 'மண்ணுக்குரிய' இனம், நாட்டின் மொத்த மக்கள்தொகையில் 0.1 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அதற்கு அங்குள்ள சட்டமன்றத்தில் தனி உறுப்பினர் உண்டு. நாகா, தனு, பா-ஓ, பலாவ்ங், கொகாங், வா ஆகிய ஆறு இனங்களுக்கும் தன்னாட்சிப் பகுதிகள் வழங்கப்பட்டன. எனவே பத்துத் துண்டுகளாக எண்ணப்படும் இனம் எந்தத் துண்டிலும் வரம்பைத் தொடாமல் போகலாம். வேறோர் அறையில் அடைக்கப்பட்ட இனம் தன் பெயரிலேயே உறுப்பினரைப் பெற முடியாமல் போகலாம். ஒரு பக்கம் கச்சின், சின் தலைவர்கள் தங்களைப் பிரிக்காதீர்கள் என்றும், மறுபக்கம் வேறு சிலர் எங்களைச் சேர்க்காதீர்கள் என்றும் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பது முரண்பாடாகத் தோன்றலாம். இரண்டு கோரிக்கைகளும் ஒரே பட்டியலிலிருந்து பிறந்தவை.

2014இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பு 135 குறியீட்டு எண்களை வைத்துக்கொண்டே மக்களிடம் இனத்தைக் கேட்டது. மொத்த மக்கள்தொகை 5.14 கோடி எனத் தெரியவந்தது. ரோஹிங்கியா என்று சொல்லிக்கொள்ள விரும்பியவர்கள் எண்ணப்படவே இல்லை. மத விவரம் 2016இல் வந்தது. இன விவரத்தை முழுமையாக வெளியிட எந்த அரசும் துணியவில்லை.

அதற்குள் களநிலவரம் பட்டியலைத் தாண்டிச் சென்றுவிட்டது. 2023 அக்டோபர் 27 அன்று வட ஷான் மாநிலத்தில் ராணுவத்தின் மீது ஒருங்கிணைந்த தாக்குதலைத் தொடங்கிய மூன்று படைகளில் ஒன்று கொகாங் மக்களுடையது, மற்றொன்று பலாவ்ங் என்று பட்டியல் அழைக்கும் தா-ஆங் மக்களுடையது. இரண்டும் ஷான் அறைக்குள் வைக்கப்பட்டவை. மூன்றாவதான அரக்கான் படை ராக்கைன் மாநிலத்தின் பெரும்பகுதியைப் பின்னர் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. சீன எல்லையில் வா படையின் ஆட்சிப்பகுதியில் சீன மொழியும் யுவான் நாணயமும் புழங்குகின்றன. மொன் தேசியப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் மொன் மொழியில் நடந்து, மேல் வகுப்புகளில் பர்மியத்துக்கு மாறுகின்றன. 2024 அக்டோபரில் ராணுவ அரசு மீண்டும் ஒரு கணக்கெடுப்பை நடத்தியபோது, நாட்டின் 330 வட்டங்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் கணக்கெடுப்பாளர்களால் எல்லா வீடுகளையும் எட்ட முடிந்தது.